முன்பணம் கொடுக்கும் முன்: திருமண ஏற்பாட்டுக் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கல்யாண வேலையைத் தொடங்கியிருப்பவர்கள் எழுதியவை. சில, முடித்துவிட்டு மனம் வெந்து எழுதியவை. அவற்றைச் சுருக்கி, பதிலோடு தருகிறேன்.

மகளுக்கு வரன் முடிவாகிவிட்டது. தையில் முகூர்த்தம் பார்க்கிறோம். முதலில் மண்டபத்தைப் பிடித்துவிடுங்கள் என்று உறவினர்கள் அவசரப்படுத்துகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
— வாசகி, திண்டுக்கல்

வாழ்த்துகள் அம்மா. மண்டபம் இரண்டாவது வேலை. இரு வீட்டாரும் உட்கார்ந்து அழைக்கப்போகிறவர்களின் பட்டியலை எழுதுவதுதான் முதல் வேலை. பத்திரிகைக் கணக்கு வேறு, ஆள் கணக்கு வேறு என்பதை மறக்க வேண்டாம். ஒரு பத்திரிகைக்கு ஒருவரும் வரலாம், குடும்பத்தோடு ஐந்து பேரும் வரலாம். ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, முந்தைய நாள் மாலை வரவேற்புக்கு எத்தனை பேர், மறுநாள் முகூர்த்தத்துக்கு எத்தனை பேர் என்று இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மண்டபத்தின் அளவு, ஒரு பந்திக்கு எத்தனை இருக்கை வேண்டும், தாம்பூலப் பை எத்தனை என்பதெல்லாம் அந்த எண்களிலிருந்துதான் வரும்.

அடுத்து, எந்தச் செலவு எந்த வீட்டாருடையது என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சம்பந்தி வீட்டாரிடம் இதைப் பேசக் கூச்சமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இப்போது பேசாத தொகை கல்யாணத்தன்று மண்டப வாசலில் பேசப்படும், அது இன்னும் கசக்கும். மூன்றாவதாக, ஜோசியரிடம் குறைந்தது மூன்று தேதிகளைக் கேட்டு வாங்குங்கள், அவற்றில் ஒன்றாவது வார நாளாக இருக்கட்டும். தை, வைகாசி, ஆவணி மாதங்களின் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு எந்த மண்டபக்காரரும் வாடகையைக் குறைக்க மாட்டார்.

மகன் திருமணத்துக்கு மண்டப வாடகை ரூ.1,50,000 என்று பேசி, முன்பணம் ரூ.50,000 கொடுத்தோம். முடிந்த அன்று ரூ.2,38,000க்குக் கணக்கு நீட்டினார்கள். வரி, மின்சாரம், ஜெனரேட்டர், துப்புரவு, பாத்திர வாடகை, வெளியிலிருந்து மேடை அலங்காரக்காரரை அழைத்து வந்ததற்குத் தனிக் கட்டணம் என்று பட்டியல் நீண்டது. முழுப் பணத்தையும் கட்டும்வரை சீர்வரிசைச் சாமான்களை வண்டியில் ஏற்ற விடவில்லை. ஏமாந்துவிட்டோமா?
— வாசகர், மதுரை

ஆம், ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். புது மருமகளின் சாமான்களைப் பிடித்துவைத்துப் பணம் கறந்தது வியாபாரமே அல்ல.

இந்த விஷயத்தைப் பல ஆண்டுகளாக எழுதிவருகிறேன், இன்னும் ஓயவில்லை. மண்டபம் பார்க்கப் போகிறவரிடம் ‘வாடகை’ என்ற ஒரே எண்ணைச் சொல்வார்கள். அதை மட்டும் கேட்டு நான்கு மண்டபங்களை ஒப்பிட்டு, குறைந்ததாகத் தெரிவதைப் பதிவு செய்கிறோம். ஆனால் அந்த எண்ணுக்கு வெளியேதான் பாதிச் செலவு இருக்கிறது. மின்சாரம் யூனிட்டுக்கு எவ்வளவு, குளிர்சாதனம் எத்தனை மணி நேரம், ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கா டீசல் கணக்கா, சமையலறை எரிவாயு யாருடையது, குப்பை அள்ள எவ்வளவு, காவலாளிக்கு எவ்வளவு, மண்டபத்தை எத்தனை மணிக்குத் திறந்துவிட்டு எத்தனை மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள், நேரம் தாண்டினால் என்ன கட்டணம், தங்கள் சமையல்காரரையும் அலங்காரக்காரரையும் தவிர வேறொருவர் வந்தால் என்ன கேட்பார்கள் என்பனவற்றை முன்பணம் கைமாறும் முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். முன்பணம் கைமாறிய பிறகு இதே கேள்விகளுக்கு ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்’ என்ற பதில்தான் கிடைக்கும். அந்தச் சொல்லை எழுதித் தரச் சொன்னால் தர மாட்டார்கள்.

சாவி வாங்கும்போது மின்மீட்டருக்கு முன்னால் மண்டப மேலாளரோடு நின்று, காட்டும் எண்ணைக் கைப்பேசியில் படமெடுங்கள். திருப்பித் தரும்போதும் அப்படியே செய்யுங்கள். ஜெனரேட்டரில் ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டர் இருந்தால் அதையும் எடுங்கள். பாத்திரங்களை எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுங்கள். இந்த வேலையைப் பெண்ணின் தகப்பனாரிடமோ மாப்பிள்ளையின் தகப்பனாரிடமோ விடக் கூடாது. அவர்கள் வாசலில் நிற்க வேண்டியவர்கள். கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒரு சித்தப்பாவையோ மாமாவையோ இதற்கென்றே நியமித்துவிடுங்கள்.

இனி உங்கள் கணக்கு. மண்டப வாடகைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதாவது ரூ.27,000. ரசீதில் அவர்களுடைய ஜி.எஸ்.டி. பதிவு எண் இருந்தால் அந்தத் தொகை முறையானது. பதிவு எண் இல்லாத வெறும் சீட்டில் வரி என்று வாங்கியிருந்தால் அது வரியே அல்ல. மீதமுள்ள ரூ.61,000க்கு இனவாரியாக விளக்கம் கேட்டு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) கடிதம் அனுப்புங்கள். விளக்கம் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். சேவைக்குக் கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. சாமான்களைப் பிடித்துவைத்ததைப் பார்த்த இருவரிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுத் திருமணம் ஐந்து மாதங்களுக்கு முன்பே நின்றுபோனது. மண்டபத்துக்குக் கொடுத்த ரூ.75,000 திரும்பாது என்கிறார்கள். ரசீதிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது.
— வாசகர், சேலம்

அச்சடித்துவிட்டால் எல்லாம் சட்டமாகிவிடாது. ஒப்பந்தத்தை முறித்தவரிடமிருந்து நியாயமான இழப்பீட்டைத்தான் பெறலாம் என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவு. ஐந்து மாத அவகாசத்தில் அதே தேதிக்கு வேறொருவர் பதிவு செய்திருந்தால் மண்டபத்துக்கு இழப்பு மிகச் சிறியது. அந்தத் தேதியன்று யாரையாவது அனுப்பி, வாசலில் கட்டிய வாழைமரத்தோடும் மணமக்கள் பெயர்ப் பலகையோடும் சேர்த்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். ரத்து செய்வதாக வாயால் மட்டும் சொல்லியிருந்தால் இன்றே எழுத்தில் அனுப்புங்கள். நின்றுபோன கல்யாணத்தின் வேதனையில் இருப்பவர் பணத்தைக் கேட்டு அலைய மாட்டார் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். நீங்கள் கேளுங்கள்.

இன்ஸ்டாகிராமில் மேடை அலங்காரம் பார்த்தோம். முழுப் பணத்தையும் யு.பி.ஐ. மூலம் இன்றே அனுப்பினால் 40 சதவீதம் தள்ளுபடி என்கிறார்கள். அனுப்பலாமா?
— வாசகி, திருச்சி

அனுப்பக் கூடாது. ஏற்கெனவே அனுப்பிவிட்டு, அவர்களும் பதில் பேசவில்லை என்றால் இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930ஐ உடனே அழையுங்கள்.

600 இலைக்குச் சாப்பாடு பேசினோம். முடிவில் 810 இலை என்று கணக்குக் கொடுத்தார் சமையல் ஒப்பந்தக்காரர். அவ்வளவு பேர் வரவே இல்லை. எப்படிச் சரிபார்ப்பது?
— வாசகர், கோயம்புத்தூர்

நடந்து முடிந்ததை இப்போது சரிபார்ப்பது கடினம். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பந்திக்கு எத்தனை இருக்கை, எத்தனை பந்தி நடந்தது என்று பெருக்கிப் பாருங்கள், வீடியோவில் கூடம் தெரிந்தால் அதையும் பாருங்கள். கணக்கு 810ஐத் தொடவே முடியாது என்றால் பேச இடமிருக்கிறது.

இனிச் செய்யப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். இலைக் கணக்கு என்பது நம்பிக்கைக்கு விடும் கணக்கு அல்ல. வாழை இலைக் கட்டுகள் வந்து இறங்கும்போது எண்ணுங்கள், மிஞ்சியதையும் எண்ணுங்கள். ஒவ்வொரு பந்தியும் எழுந்தவுடன், இலை எடுக்கும் முன், உங்கள் ஆள் ஒருவரும் அவர்கள் ஆள் ஒருவரும் வரிசை வரிசையாக நடந்து எண்ணி, ஒரே சீட்டில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டு யாரும் உட்காராத இலை, கிழிந்ததற்காக மாற்றிய இலை, குழந்தைகளின் இலை, மேளக்காரர்கள், ஓட்டுநர்கள், மண்டப ஊழியர்கள் சாப்பிட்டது ஆகியவை கணக்கில் சேருமா என்பதை முன்பே பேசி எழுதுங்கள். குறைந்தபட்ச உத்தரவாத எண் ஒன்றைக் கேட்பார்கள். 600க்கு உத்தரவாதம் கொடுத்துவிட்டு 450 பேர் வந்தாலும் 600க்குத்தான் பணம் என்பதால், பட்டியலில் எழுதிய எண்ணைவிடக் குறைத்தே உத்தரவாதம் கொடுங்கள். கூடுதலாக எத்தனை பேர் வரை அதே விலைக்குப் பரிமாறுவார் என்பதையும் கேளுங்கள். ஒப்பந்தக்காரரின் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்வதும் அவசியம்.

ஜி.எஸ்.டி. மிச்சமாகும் என்று 12 பவுன் நகையை ‘எஸ்டிமேட்’ சீட்டிலேயே வாங்கினோம். இப்போது வேறு கடையில் உரசிப் பார்த்துத் தரம் குறைவு என்கிறார்கள். விற்ற கடைக்காரர் இது எங்கள் நகையே இல்லை என்கிறார். என்ன செய்யலாம்?
— வாசகர், தஞ்சாவூர்

பில் இல்லாமல் வாங்காதீர்கள் என்று இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதுவது? நகைக்கு வரி 3 சதவீதம். அதை மிச்சம் பிடிக்கப்போய், 96 கிராம் தங்கத்துக்கும் ஆதாரமில்லாமல் நிற்கிறீர்கள். ஏமாற்றியவரை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் வரியை மறைக்க இருவரும் உடன்பட்ட வியாபாரத்தில், அவர் கை கழுவியதும் உங்களுக்குத் துணை நிற்க ஒரு தாளும் இல்லை.

ஒரு வழி மிச்சமிருக்கலாம். நகையில் முத்திரை இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் சின்னம், தரத்தைக் காட்டும் 916, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி எண் என மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் அந்த ஆறு இலக்க எண் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணை இட்டால் எந்த நகைக்கடைக்காகப் பதிவானது என்பது தெரியும். உங்கள் கடையின் பதிவு வந்தால் அதுவே ஆதாரத்தின் தொடக்கம். உரசிப் பார்த்தவரின் பேச்சோடு நிற்காமல், அங்கீகரிக்கப்பட்ட ஹால்மார்க் மையத்தில் சோதித்து அறிக்கை வாங்குங்கள். முத்திரையில் உள்ளதைவிடத் தரம் குறைவு என்று உறுதியானால், குறைந்த தரத்துக்கான மதிப்பைப்போல் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகப் பெற விதி இருக்கிறது. தனி எண் இல்லாத நகை என்றால் எனக்குச் சொல்ல ஆறுதல் இல்லை.

நகை வாங்கப்போகிற மற்றவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். கல் வைத்த நகையில் மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை மூன்றும் பில்லில் தனித்தனியாக இருக்க வேண்டும். தங்க விலை எல்லாக் கடையிலும் ஏறத்தாழ ஒன்றுதான், வித்தியாசம் செய்கூலியிலும் சேதாரத்திலும் இருக்கிறது. ஆகவே அந்தச் சதவீதத்தில்தான் பேரம் பேச வேண்டும். தாலிக்கொடியில் கோக்கும் சிறு உருக்கள் 2 கிராமுக்குக் குறைவாக இருந்தால் ஹால்மார்க் கட்டாயமில்லை, அவற்றை நம்பிக்கையான இடத்தில் மட்டுமே வாங்குங்கள்.

கூரைப்புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போகிறோம். அசல் பட்டு என்பதை எப்படி அறிவது?
— வாசகி, விழுப்புரம்

பேருந்து நிலையத்திலிருந்தே கூட வருகிற தரகரோடு போகாதீர்கள். அவருக்கான தரகுப் பணம் உங்கள் சேலை விலையில் ஏறிவிடும். சில்க் மார்க் சீட்டு நூல் பட்டு என்பதற்கு மட்டும் உறுதி. சரிகைக்கோ கைத்தறிக்கோ அது பொறுப்பேற்காது. என் தங்கையின் திருமணத்துக்குத் தரகர் காட்டிய கடையில் எடுத்த சேலை, பட்டு என்ற வரையில் உண்மைதான். சரிகை செம்புக் கம்பி, மேலே பூச்சு. வெள்ளிச் சரிகையும் நாளடைவில் மங்கக்கூடியதுதான், ஆனால் அந்தச் சேலை இரண்டாம் தீபாவளிக்குள் மடிப்பு மடிப்பாகக் கறுத்துவிட்டது. பில்லில் ‘பட்டுச் சேலை 1’ என்று மட்டும் இருந்ததால் கடைக்காரரிடம் எதையும் நிலைநாட்ட முடியவில்லை.

ஆகவே பில்லில் ‘கைத்தறி, தூய பட்டு, வெள்ளிச் சரிகை’ என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஓரத்து நூலில் ஒன்றை எரித்தால், பட்டு முடி கருகும் வாடையோடு பொடியாக உதிரும். பாலியெஸ்டர் உருகி மணியாக இறுகும். நெசவாளர் கூட்டுறவுச் சங்க விற்பனையகங்களையும் கோ-ஆப்டெக்ஸையும் முதலில் பார்த்துவிட்டால் நியாய விலை எது என்பது பிடிபட்டுவிடும்.

திருமணம் முடிந்து எட்டு மாதங்கள் ஆகியும் ஆல்பம் வரவில்லை. ஆனால் புகைப்படக்காரர் எங்கள் படங்களைத் தம் விளம்பரத்துக்குப் போட்டிருக்கிறார்.
— வாசகி, சென்னை

பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் பதிப்புரிமை, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத வரை, எடுக்கச் சொன்னவருக்கே உரியது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நீங்கள் கையெழுத்திட்ட தாளில் அந்த உரிமையை விட்டுக்கொடுத்த வரி ஏதும் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால், படங்களை நீக்கவும் 15 நாளில் ஆல்பத்தைத் தரவும் சொல்லி எழுத்தில் அறிவிப்பு அனுப்புங்கள். எடுத்த எல்லாக் கோப்புகளையும் ஒரு வன்தட்டில் முதலில் வாங்கிவிடுங்கள், ஆல்பம் தாமதமானாலும் படங்கள் உங்களிடம் இருக்கும். முழுப் பணத்தையும் கல்யாண நாளிலேயே கொடுத்துவிட்டீர்கள் என்று கடிதத்தில் தெரிகிறது. மூன்றில் ஒரு பங்கையாவது ஆல்பம் கைக்கு வரும்வரை நிறுத்திவைக்க வேண்டும்.

மண்டப ரசீது அப்பா பெயரில் இருக்கிறது. அவருக்கு அலைய முடியாது. மணமகளான நான் புகார் கொடுக்க முடியுமா?
— வாசகி, திருநெல்வேலி

முடியும். பணம் கொடுத்தவரின் ஒப்புதலோடு சேவையைப் பெற்றவரும் சட்டத்தின்படி நுகர்வோரே. ரசீதின் நகலோடு, அவர் உங்கள் திருமணத்துக்காகத்தான் பதிவு செய்தார் என்பதைக் காட்ட அழைப்பிதழ் ஒன்றையும் இணைத்துவிடுங்கள்.