வேதியியல் கேள்வி பதில்: கணக்கு எங்கே சறுக்குகிறது?

கேள்வி: 28 கிராம் நைட்ரஜனும் 8 கிராம் ஹைட்ரஜனும் முழுமையாக வினைபுரிந்தால் எவ்வளவு அம்மோனியா கிடைக்கும்? ஹைட்ரஜன்தானே குறைவு என்று அதை வைத்துப் போட்டேன், 45.3 கிராம் வந்தது. விடைக்குறிப்பில் 34 கிராம் என்று இருக்கிறது.

பதில்: கிராமில் குறைவாக இருப்பதுதான் முதலில் தீரும் என்று எடுத்துக்கொண்டதில்தான் சறுக்கல். மூலக்கூறுகள் எண்ணிக்கைப்படி சேர்கின்றன, எடைப்படி அல்ல. எனவே முதல் வேலை, இரண்டையும் மோலுக்கு (மூலக்கூறுகளை எண்ணும் அலகு; கிராமை மூலக்கூறு நிறையால் வகுத்தால் கிடைக்கும்) மாற்றுவது. நைட்ரஜன் 28 ÷ 28 = 1 மோல். ஹைட்ரஜன் 8 ÷ 2 = 4 மோல். (இங்கே 2-க்குப் பதில் 1-ஆல் வகுத்துவிடுபவர்கள் ஏராளம். ஹைட்ரஜன் வாயு ஈரணு மூலக்கூறு என்பதை மறக்கக் கூடாது.) சமன் செய்த சமன்பாட்டின்படி (N₂ + 3H₂ → 2NH₃) 1 மோல் நைட்ரஜனுக்கு 3 மோல் ஹைட்ரஜன் போதும், நம்மிடம் 4 இருக்கிறது. ஆக, வினைக்கட்டுப்பாட்டுக் காரணி, அதாவது முதலில் தீர்ந்துபோவது, நைட்ரஜன். உருவாகும் அம்மோனியா 2 மோல், அதாவது 2 × 17 = 34 கிராம். 2 கிராம் ஹைட்ரஜன் மிஞ்சும்.

விடை வந்ததும் நிறையைக் கூட்டிப் பாருங்கள். 34 + 2 = 36; எடுத்துக்கொண்டதும் 36. உங்கள் 45.3 கிராம், எடுத்த மொத்தத்தையே தாண்டுகிறது. நிறை மாறா விதி அங்கேயே காட்டிக்கொடுத்திருக்கும்! தேர்வறையில் இந்தச் சரிபார்ப்பை விடவே விடாதீர்கள்.

கேள்வி: 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஹெச் 8 என்று எழுதினால் ஏன் தவறு?

பதில்: மோலார் என்பது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் என்பது; பிஹெச் என்பது ஹைட்ரஜன் அயனியின் செறிவைக் காட்டும் எண், 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். அமிலத்தை எவ்வளவு நீர்த்தாலும் அது காரமாகாது. 25 டிகிரி செல்சியஸில் தூய நீரே 10⁻⁷ மோலார் ஹைட்ரஜன் அயனியைத் தருகிறது. இவ்வளவு நீர்த்த அமிலத்தில் அதை ஒதுக்க முடியாது. அதற்காக 10⁻⁷-ஐ அப்படியே கூட்டினால் 6.96 வரும், அதுவும் சரியல்ல. அமிலம் தரும் அயனி, நீர் பிரிவதைச் சற்றே அடக்குகிறது. நீர் தருவதை x என்று வைத்து, x(x + 10⁻⁸) = 10⁻¹⁴ என்ற இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் x = 9.5 × 10⁻⁸. மொத்த ஹைட்ரஜன் அயனி 1.05 × 10⁻⁷ மோலார், பிஹெச் 6.98.

கேள்வி: 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடை 250 மில்லி லிட்டர் நீரில் கரைத்தால் 0.4 மோலார்தானே?

பதில்: கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் சரியாக அல்ல. மோலாரிட்டிக்குக் கணக்கு கரைசலின் கனஅளவு, ஊற்றிய நீரின் அளவு அல்ல. முதலில் கொஞ்சம் நீரில் கரையுங்கள். கரையும்போது சூடாகும், ஆறிய பிறகே அளவுக் குடுவையில் 250 மில்லி லிட்டர் கோடுவரை நிரப்புங்கள். சூட்டோடு நிரப்பினால், ஆறியதும் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும்.