தொலைந்த எஃபெக்டைத் திரும்பப் பிடிக்கலாம்

கேள்வி: மூடுபனி படிந்த காட்டுப் படம் ஒன்றுக்கு முன்பு ஒரு எஃபெக்ட் செய்திருந்தேன். இலைகளைச் சுற்றி ஒளி மெல்லக் கசியும், ஆனால் கிளைகள் கூர்மையாகவே இருக்கும், நிறங்களும் அடர்த்தியாகத் தெரியும். லேயர்களோடு (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படப் படலங்களோடு) இருந்த ஃபைல் போய்விட்டது. எடிட் செய்யாத ஒரிஜினலும் 2000 பிக்சல் அகலத்தில் சேமித்த ஒரு ஜேபெக்கும்தான் மிச்சம். மற்ற படங்களுக்கும் அதையே செய்யப் பார்க்கிறேன், அதே மாதிரி வரவே இல்லை. வழி உண்டா?

பதில்: உண்டு. ஒரிஜினல், முடிந்த படம் இரண்டும் கையில் இருப்பதால் பெருமளவு மீட்டுவிடலாம். நினைவை நம்பி ஸ்லைடர்களை இழுத்துக்கொண்டிருக்காதீர்கள், முடிந்த படத்தை அளந்து அதன்படி செய்யுங்கள்.

முதலில் அந்த ஜேபெக்குக்குள்ளேயே ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் எடிட் செய்து, எக்ஸ்போர்ட் செய்யும்போது மெட்டாடேட்டாவை (படத்தோடு ஃபைலில் சேரும் விவரக் குறிப்புகளை) நீக்காமல் விட்டிருந்தால், நீங்கள் நகர்த்திய ஸ்லைடர் மதிப்புகள் ஃபைலுக்குள் எழுத்தாகவே இருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் படித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பி வாங்கிய பிரதியில் இதைத் தேட வேண்டாம், அங்கே மெட்டாடேட்டா கழன்றுவிடும்.

அதில் ஒன்றும் கிடைக்கவில்லையா, சரி. நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது ஆர்டன் எஃபெக்ட்தான் என்று தோன்றுகிறது. கனடாவைச் சேர்ந்த புகைப்படக்காரர் மைக்கேல் ஆர்டன் 1980களில் ஸ்லைடு ஃபிலிமில் செய்த வேலை அது. ஒரே காட்சியைக் கூர்மையாக ஒன்று, ஃபோகஸ் இல்லாமல் ஒன்று என எடுத்து இரண்டு ஸ்லைடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார். அப்படி வைத்தால் படம் இருண்டுபோகும் என்பதால் இரண்டையும் முன்கூட்டியே அதிக வெளிச்சத்தில் எடுத்திருப்பார். கணினியிலும் அதே வழிதான். லேயரை நகல் எடுத்து ஸ்கிரீன் மோடில் (கீழே உள்ளதோடு வெளிச்சமாகக் கலக்கும் முறை) போட்டால் படம் வெளுக்கும், இரண்டையும் ஒன்றாக இணைத்து மறுபடி ஒரு நகல் எடுத்து, அதற்கு காஸியன் ப்ளர் (படத்தை மங்கலாக்கும் ஃபில்டர்) கொடுத்து மல்டிப்ளை மோடுக்கு (இருட்டாகக் கலக்கும் முறை) மாற்றுங்கள். கூர்மையும் கசிவும் ஒரே படத்தில் வந்துவிடும்.

உங்களுக்கு ஏன் ஒத்து வரவில்லை என்று ஒரு ஊகம் சொல்கிறேன். ப்ளர் அளவு பிக்சல் கணக்கில் வேலை செய்கிறது. 6000 பிக்சல் அகலப் படத்தில் 30 கொடுத்து, அதை 2000-க்குச் சுருக்கியிருந்தால், சின்னப் படத்தில் கண்ணுக்குத் தெரிவது 10-க்கான கசிவு மட்டுமே. அதைப் பார்த்துவிட்டு முழு அளவுப் படத்தில் 10 கொடுத்தால் எஃபெக்ட் விழுந்த சுவடே தெரியாது. அதனால் ஒரிஜினலின் ஒரு நகலை 2000-க்குச் சுருக்கி, அதில் சரியான அளவைக் கண்டுபிடித்து, பிறகு பெரிய படத்துக்குப் போகும்போது அளவு எத்தனை மடங்கோ அத்தனை மடங்கு ப்ளரையும் கூட்டுங்கள்.

கண்டுபிடிக்க டிஃபரன்ஸ் மோட் போதும். நீங்கள் புதிதாகச் செய்த படத்தின் மேல் பழைய ஜேபெக்கை இம்மி பிசகாமல் பொருத்தி, அந்த லேயரை டிஃபரன்ஸுக்கு மாற்றுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும் இடம் கறுப்பாகிவிடும். கறுப்பாகாத இடம்தான் உங்களுக்கு வழிகாட்டி: படம் முழுக்க ஒரே சீராக வெளிறித் தெரிந்தால் வெளிச்சத்தில் வித்தியாசம், நீலம் மட்டும் மிச்சம் நின்றால் நீல சேனலின் கர்வில் (நீலத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும் வளைகோட்டில்) வித்தியாசம், கிளைகளின் ஓரத்தில் கோடு கோடாகத் தெரிந்தால் ப்ளர் அளவோ பொருத்தமோ தப்பு. ஜேபெக் சுருக்கத்தால் மெல்லிய புள்ளிகள் எப்படியும் நிற்கும், அவற்றைத் துரத்த வேண்டியதில்லை.

நிறம் மட்டும் பிடிவாதம் பிடித்தால் கிம்ப் என்ற இலவச எடிட்டிங் மென்பொருளில் ஜிமிக் என்ற கூடுதல் கருவியை (ப்ளகின்) போட்டுக்கொள்ளுங்கள். முந்தைய படம், பிந்தைய படம் இரண்டையும் கொடுத்தால் எந்த நிறம் எதுவாக மாறியது என்ற அட்டவணையை அதுவே உருவாக்கித் தரும், அதை மற்ற படங்கள்மேல் போடலாம். ஆனால் ஒளிக்கசிவு, ஓர இருட்டு போன்றவை அதில் வராது. நிறத்துக்கு நிறம் மாற்றுவது மட்டும்தான் அந்த அட்டவணைக்குத் தெரியும், படத்தில் எந்த இடம் என்பது தெரியாது.

கேள்வி: எடிட் செய்த ஃபைல்கள் இனி தொலையாமல் இருக்க என்ன செய்வது? எல்லாம் கிளவுடில் இருக்கிறது, அது போதாதா?

பதில்: போதாது. தானாக சிங்க் ஆகும் கிளவுட் என்றால், இங்கே நீங்கள் அழித்தது கொஞ்ச நேரத்தில் அங்கேயும் அழியும், கெட்டுப்போன ஃபைலும் அப்படியே மேலே ஏறிவிடும். குப்பைத் தொட்டியில் சில நாள் கிடக்கும், அதை நம்பி இருக்க முடியாது. புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 முறை இன்றும் செல்லுபடியாகிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகை சாதனங்கள், அதில் ஒன்று வேறு இடத்தில். இதை வாசகர்கள் பலர் படித்திருப்பீர்கள், செய்திருப்பவர்கள் குறைவு. இந்த வாரமே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் தொடங்கிவிடுங்கள். அப்புறம், எப்போதாவது அந்தப் பிரதியிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள், திறக்காத பேக்கப் பேக்கப்பே இல்லை.

எதைச் சேமிக்கிறோம் என்பதும் முக்கியம். ஜேபெக்கில் லேயர் நிற்காது. போட்டோஷாப் என்றால் பிஎஸ்டி, கிம்ப் என்றால் எக்ஸ்சிஎஃப், இவைதான் வேலை செய்த ஃபைல். கிம்ப்பில் ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று சேவ் செய்யாமல் மூடினால் லேயர்கள் அத்தோடு போச்சு. லைட்ரூமில் எடிட் விவரங்கள் கேட்டலாக் ஃபைலில் இருக்கின்றன, படங்களை மட்டும் பேக்கப் எடுத்து கேட்டலாக்கை விட்டால் உழைப்பெல்லாம் வெளியே நிற்கும். பிடித்த எஃபெக்டை ப்ரீசெட்டாகவோ (சேமித்த ஸ்லைடர் மதிப்புகள்) ஆக்‌ஷனாகவோ (பதிவு செய்த வேலை வரிசை) தனி ஃபைலாக எடுத்து வையுங்கள். கூடவே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் லேயர் வரிசை, மோட், ப்ளர் அளவு, படத்தின் அகலம் நான்கையும் எழுதிவிட்டால், நாளைக்கு மென்பொருளே மாறினாலும் கவலை இல்லை.

கேள்வி: பென் டிரைவிலிருந்து தவறுதலாக அழித்த பிஎஸ்டியை மீட்க முடியுமா?

பதில்: அந்த டிரைவில் இனி எதையும் எழுதாதீர்கள், புதுப் படம் ஒன்றுகூட வேண்டாம். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பிஎஸ்டியையும் தேடி எடுக்கும், கிடைத்ததை வேறு டிரைவில் சேமியுங்கள். ஃபைல் பெயர் பெரும்பாலும் திரும்ப வராது, ஒவ்வொன்றாகத் திறந்துதான் அடையாளம் காண வேண்டியிருக்கும். கணினிக்குள் இருக்கும் எஸ்எஸ்டியில் அழிந்ததென்றால் வாய்ப்பு மிகக் குறைவு, டிரிம் வசதி அந்த இடத்தைச் சீக்கிரமே துடைத்துவிடும்.