இரண்டாவது விரல் எங்கே போகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மொபைல் லினக்ஸுக்கு வரைபடச் செயலி எழுதியிருக்கிறேன். ஒரு விரலால் நகர்த்த முடிகிறது. இரண்டாவது விரலை வைத்ததும் படம் தாவுகிறது. பெரிதாக மாட்டேன் என்கிறது. கோளாறு செயலியிலா, போனிலா?

பதில்: நிரலைத் திறப்பதற்கு முன் அடியிலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள். ரூட் (நிர்வாகி) உரிமையுடன், தொடுதிரை அனுப்பும் செய்திகளை அப்படியே காட்டும் 'ஈவ்டெஸ்ட்' கட்டளையை ஓட்டி, தொடுதிரையைத் தேர்ந்தெடுத்து, இரண்டு விரல்களை வையுங்கள். விரலுக்கு ஒரு ஸ்லாட் (வரிசை இடம்), அதற்கென ஒரு ட்ராக்கிங் ஐடி (அந்தத் தொடுகையின் அடையாள எண்) தெரிய வேண்டும். விரலை எடுத்ததும் அந்த ஐடி -1 ஆகும். முதல் விரலுக்கு 'ஸ்லாட் 0' என்ற வரி வரவில்லையே என்று பதற வேண்டாம். மாறாத மதிப்பை லினக்ஸின் கருவான கெர்னல் மறுபடி அனுப்பாது. 'எம்டி' (மல்டி-டச், அதாவது பல தொடுகை) என்று பெயருள்ள வரி ஒன்றுகூட இல்லாமல் வெறும் எக்ஸ், ஒய் மட்டும் வந்தால், டிரைவரோ திரையோ ஒற்றை விரலுக்கானது. நோக்கியா என்900-இன் அழுத்தத் திரை அப்படித்தான். இரண்டு விரல் வைத்தாலும் ஒரே புள்ளிதான் கிடைக்கும். செயலியில் என்ன மாற்றினாலும் பயனில்லை.

அடுத்தது, கெர்னலின் செய்திகளை வாங்கி ஒழுங்குபடுத்தும் லிப்இன்புட் நூலகத்தின் 'லிப்இன்புட் டீபக்-ஈவன்ட்ஸ்' கட்டளை. அங்கும் இரண்டு விரல் தெரிந்தால் கோளாறு அதற்கு மேலே இருக்கிறது. அதில் 'பிஞ்ச்' (இரு விரலைக் குவிப்பது, விரிப்பது) என்று வராது, தேடாதீர்கள். டச்பேடுக்கு மட்டுமே லிப்இன்புட் சைகைகளைக் கணக்கிடும். தொடுதிரைக்கு அந்த வேலை டூல்கிட்டினுடையது, அதாவது செயலியின் திரையை அமைக்கும் ஜிடிகே, க்யூட்டி போன்ற நூலகத்தினுடையது.

பிறகுதான் உங்கள் நிரல். எந்த விரல் அசைந்தாலும் ஐடியைப் பார்க்காமல் ஒரே புள்ளியாக எடுத்துக்கொண்டால், படம் இரண்டு விரலுக்கும் நடுவே தாவத்தான் செய்யும். பலரும் வழுக்குவது இங்கேதான்.

கேள்வி: ஜிடிகே 4-இல் ஜூம் சைகையைச் சேர்த்தேன். விரலைக் கொஞ்சம் விரித்தாலே படம் பூதாகரமாகிறது. க்யூட்டிக்கு மாறினால் தீருமா?

பதில்: மாற வேண்டாம். ஜூம் சைகையின் 'ஸ்கேல்-சேஞ்ச்டு' சிக்னல் தரும் எண், சைகை தொடங்கிய நிலையை 1 என்று வைத்துச் சொல்லப்படுவது. முந்தைய நிகழ்விலிருந்து வந்த மாற்றம் அல்ல. ஒவ்வொரு முறையும் தற்போதைய அளவோடு அதைப் பெருக்கினால் 1.1, 1.2, 1.3 என்று வரும் எண்கள் 1.1 × 1.2 × 1.3 = 1.716 ஆகிவிடும், வேண்டியது 1.3 மட்டுமே. சைகை தொடங்கியதைச் சொல்லும் 'பிகின்' வரும்போது அளவைச் சேமித்து, அந்தப் பழைய அளவோடு மட்டும் பெருக்குங்கள். விரல்களின் மையப்புள்ளியைச் சைகையிடமே கேட்டு, அதற்குக் கீழே இருக்கும் இடம் நகராதபடி படத்தைத் தள்ளிவையுங்கள். இதைச் செய்யாத ஜூம் கைக்கு அடங்காது.

க்யூட்டியில் வேறு சிக்கல் உண்டு. விட்ஜெட்டில் (திரையின் ஓர் உறுப்பில்) தொடுகையை ஏற்கும் பண்பை நீங்களே இயக்க வேண்டும். இயக்கினாலும் 'டச் பிகின்' நிகழ்வை ஏற்காவிட்டால் அடுத்த அசைவுகள் வந்து சேராது.

கேள்வி: எஸ்டிஎல் 2 நூலகத்தில் எழுதிய விளையாட்டில் திரைப் பொத்தான் ஒரு தொடுகைக்கு இருமுறை வேலை செய்கிறது, சில நேரம் அழுத்தியபடியே நின்றுவிடுகிறது.

பதில்: இருமுறை வருவது, எஸ்டிஎல் ஒரு விரலைப் போலி மவுஸாகவும் அனுப்புவதால். 'டச் மவுஸ் ஈவன்ட்ஸ்' என்ற ஹின்ட் அமைப்பை 0 ஆக்குங்கள். நிற்பதற்குக் காரணம், விரல் பொத்தானுக்கு வெளியே சறுக்கி அங்கேயே எழுவது. எழுந்த இடத்தைப் பார்க்காமல், அந்தப் பொத்தானை எந்த விரல் ஐடி அழுத்தியது என்று நினைவில் வைத்து விடுவியுங்கள். ஐடியை அரே எண்ணாகப் பயன்படுத்தாதீர்கள், அது எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம். எக்ஸ், ஒய் இரண்டும் 0 முதல் 1 வரை; சாளர அளவால் பெருக்க வேண்டும். விளிம்பு இழுப்பை, சாளரங்களைத் திரையில் அடுக்கும் கம்பாசிட்டர் தனக்கென எடுத்துக்கொண்டால் 'விரல் எழுந்தது' என்ற செய்தி வராமலே போகலாம். ஃபோகஸ் போனதும் எல்லாப் பொத்தான்களையும் விடுவித்துவிடுங்கள்.

கேள்வி: தொடுதிரை இல்லாத கணினியில் இதையெல்லாம் சோதிக்க வழியுண்டா?

பதில்: போனில் 'லிப்இன்புட் ரெக்கார்ட்' கொண்டு சைகையைப் பதிவுசெய்து, கணினியில் ரூட்டாக 'லிப்இன்புட் ரீப்ளே' ஓட்டுங்கள். போலித் தொடுதிரை ஒன்று உருவாகி, அதே விரல்கள் அதே வேகத்தில் திரும்ப ஓடும்.