வட்டம் போட்டால் போதுமா? பல்கலைக்கழகத் தூரத்தை நேரத்தில் வரைவது எப்படி

கேள்வி: எங்கள் நகரத்தில் ஆறு பல்கலைக்கழகங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி 5 கி.மீ. வட்டம் போட்டேன், ஏறக்குறைய ஊர் முழுக்க உள்ளே வந்துவிட்டது. ஆனால் புறநகர் மாணவர்கள் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்கிறார்கள். எங்கே தப்பு செய்தேன்?

பதில்: மாணவர்கள் சொல்வதை நம்புங்கள். வட்டம் காட்டுவது நேர்கோட்டுத் தூரம். நேர்கோட்டில் யாரும் வகுப்புக்குப் போவதில்லை. கட்டம் கட்டமாகத் தெருக்கள் ஓடும் ஊரிலேயே, 5 கி.மீ. நடந்து சேரக்கூடிய பரப்பு அந்த வட்டத்தில் 64 சதவீதம்தான். நடுவில் ஓர் ஆறோ ரயில் பாதையோ வந்தால் இன்னும் சுருங்கிவிடும்.

அதனால் தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைக் கணக்கிடுங்கள். தெருக்களுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடம் போதும். பேருந்து, ரயில் நேரங்களுக்கு ஜிடிஎஃப்எஸ் என்ற கோப்புத் தொகுப்பு வேண்டும். பல போக்குவரத்து நிறுவனங்கள் அதைப் பொதுவில் வெளியிடுகின்றன. சரியான அட்டவணை கிடைக்காத வழித்தடத்தை ‘20 நிமிடத்துக்கு ஒரு வண்டி’ என்று இடைவெளியாக எழுதவும் அதில் இடமுண்டு. இரண்டையும் ஆர்5 போன்ற இலவச மென்பொருளில் ஏற்றினால் பயண நேரப் பட்டியல் வரும். அதை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து வண்ணம் கொடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம்தான் உண்மையான வேலை. பல்கலைக்கழகத்தை வளாகத்தின் நடுவில் ஒரு புள்ளியாக வைக்காதீர்கள். மென்பொருள் அந்தப் புள்ளியைப் பக்கத்துச் சாலையோடு ஒட்டிவிடும். அது வாசலே இல்லாத பின்பக்க மதில் ஓரச் சாலையாக இருக்கலாம். அப்படி ஒட்டிக்கொண்டால் அந்தப் பக்கத்துக் குடியிருப்பெல்லாம் வரைபடத்தில் ‘10 நிமிடம்’ என்று பச்சையாகத் தெரியும். அங்கே இருப்பவரோ மதிலைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு நடக்க வேண்டும். மாணவர்கள் நுழையும் ஒவ்வொரு வாசலையும் தனிப் புள்ளியாகக் குறியுங்கள். வளாகம் பெரிதென்றால் வாசலிலிருந்து வகுப்பு வரை நடையையும் கூட்டுங்கள்; ஒரு கிலோமீட்டருக்கு 12, 13 நிமிடம் ஆகும்.

அடுத்தது காத்திருப்பு. காலை 8 மணிக்குக் கிளம்பும் மாணவி 9 நிமிடம் நடந்து 8.10 பேருந்தைப் பிடிக்கிறார். பயணம் 25 நிமிடம், இறங்கி நடை 10. மொத்தம் 45 நிமிடம். 8.02க்குக் கிளம்பியிருந்தால்? அந்தப் பேருந்து போயிருக்கும். அடுத்தது 8.40க்கு என்றால் போய்ச் சேர 9.15 ஆகிவிடும், மொத்தம் 73 நிமிடம். ஒரே வீடு, ஒரே வழித்தடம்! அதனால் 8 மணிக்கு மட்டும் கணக்கிட்டு நிறுத்தாதீர்கள். 7 முதல் 9 வரை நிமிடத்துக்கு ஒரு புறப்பாடு என்று 120 முறை ஓடவிட்டு, நடு மதிப்பை (விடைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) எடுங்கள். நேரம் பார்த்துத்தானே கிளம்புவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். சரிதான், ஆனால் 9 மணி வகுப்புக்கு அந்த மாணவி 8.45க்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கால் மணி நேரமும் அவருடையதுதான். மாலை வகுப்புகள் நடந்தால் திரும்பும் பயணத்தையும் தனியாகப் போட்டுப் பாருங்கள். கடைசி வண்டி போன பிறகு முடியும் வகுப்பு, காலையில் எவ்வளவு பக்கமாக இருந்தாலும் எட்டாத வகுப்புதான்.

வண்ணம் கொடுக்கும்போது நிலத்துக்குக் கொடுக்காமல் மக்களுக்குக் கொடுங்கள். ஆளில்லாத வெட்டவெளி சிவப்பாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நெருக்கமான ஒரு சின்னக் குடியிருப்பு சிவப்பாக இருந்தால் அதுதான் செய்தி. மக்கள்தொகையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, 30, 45, 60 நிமிடத்துக்குள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். கார் பயணத்தை இதோடு சேர்க்கவே வேண்டாம். கார் இல்லாத வீட்டுப் பிள்ளைகளின் நிலை அதில் மறைந்துபோகும்.

வரைபடத்தை வெளியிடும் முன், ஒன்றரை மணி நேரம் என்று சொன்ன அந்த மாணவர்களில் ஐந்து பேரிடம், வீட்டு வாசலில் கிளம்பிய நேரத்தையும் வகுப்பில் உட்கார்ந்த நேரத்தையும் ஒரு வாரம் குறித்துத் தரச் சொல்லுங்கள். உங்கள் எண்ணோடு 10 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், முதலில் வாசல் புள்ளிகளைச் சரிபாருங்கள், அப்புறம் அட்டவணையை.