‘லோ யவ்’ என்று யாரைக் கூப்பிடலாம்?

கேள்வி: வேலைக்காக ஹாங்காங் வந்து எட்டு மாதம் ஆகிறது. அலுவலகத்தில் நன்றாகப் பழகிவிட்டார்கள். நெருங்கிய நண்பர்களை கான்டனீஸில் எப்படிக் கூப்பிடுவது? அவர்கள் பேச்சில் ‘யவ்’ என்று அடிக்கடி காதில் விழுகிறதே?

பதில்: பொதுவாக நண்பர் என்றால் ‘பங் யவ்’. பழகிப் பழுத்த நண்பர் ‘லோ யவ்’. இரண்டிலும் ‘யவ்’வை அடிக்குரலில் தொடங்கி லேசாக உயர்த்தினால் போதும். குரல் விறுவிறுவென்று உச்சிக்கு ஏறினால் பொருள் கெட்டுவிடும். ‘நீ தியூ யவ்’ என்பதில் வருவது அந்த ‘யவ்’தான். ‘தியூ’ என்பது மீன், பாம்பு, கயிறு என்று நீளமானவற்றை எண்ணும்போது போடும் சொல். அதை மனிதனுக்குப் போட்டால் ‘இந்த ஆசாமி’ என்ற இளக்காரம். நண்பர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள். நீங்கள் சொல்ல வேண்டாம்.

கோலாலம்பூர்த் தமிழர்களுக்கும் பழக்கமான ‘லெங் சாய்’ இதே ரகம். ‘லெங்’ நடுக்குரலில் வந்தால் அழகன், உச்சக்குரலில் வந்தால் பொடிப்பயல்.

அலுவலகத்தில் தொடங்கப் பத்திரமானது ‘ஹோ ஃப்ரெண்ட்’. ‘ஹோ’ என்றால் ‘ரொம்ப’. ‘நாங்கள் ரொம்ப நெருக்கம்’ என்று சொல்ல ஹாங்காங்காரர்களே ஆங்கிலச் சொல்லைக் கலந்து இப்படிச் சொல்கிறார்கள். ‘லோ யவ் கெய்’ என்பதும் நட்பான சொல்தான். ஆனால் முதியோர் மையங்களில் பெரியவர்களை அப்படித்தான் அழைப்பார்கள். இருபத்தைந்து வயதுக்காரரிடம் சொன்னால் கேலியாகத் தொனிக்கும்.

உயிர் நண்பர் கூட்டத்துக்கு ‘செய் டோங்’. இதில் ‘செய்’ என்றால் சாவு. அன்றாடப் பேச்சில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். புத்தாண்டு வாழ்த்திலும் திருமண அட்டையிலும் மட்டும் எழுதிவிடாதீர்கள். சாவு என்ற சொல்லோடு ஒலி ஒத்துப்போவதால் நான்கு என்ற எண்ணையே ஒதுக்குகிற ஊர் அது.

‘ஸவ் ஜுக்’ என்றால் கையும் காலும், அதாவது உடன்பிறப்பு. 2019-இல் ஹாங்காங்கில் நடந்த அரசு எதிர்ப்புப் போராட்டத்தில் போராட்டக்காரர்கள் ஒருவரையொருவர் அப்படி அழைத்தார்கள். அந்தச் சாயம் இன்னும் போகவில்லை, அலுவலகத்தில் தவிர்த்துவிடுங்கள். ‘ஹிங் டய்’, அதாவது அண்ணன் தம்பி, ஆண்களுக்குள் சரி. திருமண வீட்டில் அதுவே மாப்பிள்ளைத் தோழர்களைக் குறிக்கும்; மணப்பெண்ணின் தோழிகள் ‘ஜி முய்’.

எப்போது தொடங்கலாம்? டிம் சம் (தேநீரோடு சாப்பிடும் சிறு பலகாரங்கள்) மேசையில் நண்பர் உங்கள் கோப்பையில் தேநீர் ஊற்றுவார். நீங்கள் இரண்டு விரலால் மேசையைத் தட்டி ‘ம் கோய்’ என்று நன்றி சொல்வீர்கள். அதற்கு அவர், ‘லோ யவ் க்வய் க்வய், ம் ஸய் ஹாக் ஹெய்’ என்றால், ‘நமக்குள் என்னய்யா மரியாதை’ என்று பொருள். அன்றிலிருந்து அவரை ‘லோ யவ்’ என்று தாராளமாகக் கூப்பிடலாம்.