கட்சி என்னும் கட்டம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் நூலகத்தின் சுவரில் நாமக்கல் மக்களவைத் தொகுதி உறுப்பினர்களின் பட்டியலை எழுதிவைக்க முடிவு செய்திருக்கிறோம். ஆண்டு, பெயர், கட்சி என்று மூன்று கட்டங்கள். 1957இல் வென்ற ஈ.வெ.கி. சம்பத்தின் பெயருக்கு நேரே ஆவணங்களில் 'சுயேச்சை' என்று இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் தி.மு.க. என்று அடித்துச் சொல்கிறார்கள். 2019இல் வென்ற சின்ராஜும் 2024இல் வென்ற மாதேஸ்வரனும் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்காரர்கள். மக்களவைப் பட்டியல் இருவரையும் தி.மு.க. என்கிறது. சுவரில் எதை எழுதுவது?

கட்சி மாறுகிறவர்களுக்கு வாழ்நாள் தடை விதிக்க வேண்டும் என்பது என் கருத்து. படித்த, நேர்மையான சுயேச்சைகளை அனுப்பினால் இந்தக் குழப்பமே வராது. எப்படிப் பார்த்தாலும், நாற்பது பேர் டெல்லிக்குப் போய் இதுவரை என்ன சாதித்தார்கள்?

செ.

அன்புள்ள செ.,

உங்கள் கடிதத்தில் ஒரு நல்ல கேள்வியும், டீக்கடையில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன மூன்று தீர்ப்புகளும் இருக்கின்றன. நல்ல கேள்விக்காகவே எழுதுகிறேன். சுவரில் எழுதுவதற்கு முன்பு எது சரி என்று கேட்கத் தோன்றியதே, அந்தக் கை நன்றாக இருக்கட்டும்.

சம்பத்திலிருந்து தொடங்குவோம். 1949இல் தி.மு.க.வைத் தொடங்கியவர்களில் ஒருவர், பெரியாரின் அண்ணன் மகன், மேடையில் அக்கட்சியின் சொல்வன்மைக்கே அடையாளமாக இருந்தவர். அவரைச் சுயேச்சை என்று எழுதினால் உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குக் கோபம் வருவது நியாயமே. ஆனால் 1957இல் அக்கட்சிக்குத் தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரம் இல்லை. சட்டமன்றத்துக்குச் சென்ற பதினைந்து பேரும், மக்களவைக்குச் சென்ற சம்பத்தும் திருவண்ணாமலை தர்மலிங்கமும், காகிதத்தில் சுயேச்சைகளே. 1958இல்தான் அங்கீகாரமும் உதயசூரியனும் கிடைத்தன. ஆகவே ஆவணமும் பொய் சொல்லவில்லை, பெரியவர்களும் பொய் சொல்லவில்லை.

கட்சி என்னும் அந்தக் கட்டம் ஒரு மனிதர் எதை நம்பினார் என்பதைச் சொல்லும் இடமன்று; எந்தப் பெயரில், யாருடைய கையெழுத்தில் அவருக்குச் சின்னம் கிடைத்தது என்பதைப் பதிந்துவைக்கும் இடம். சின்ராஜின் சொந்தக் கட்சி எதுவாக இருந்தாலும், அவருக்கு உதயசூரியனை வழங்கிய கடிதம் தி.மு.க.வுடையது. ஓர் உறுப்பினரை வேட்பாளராக நிறுத்திய கட்சியைச் சேர்ந்தவராகவே அவர் கருதப்படுவார் என்று கட்சித் தாவலைத் தடுப்பதற்கான விதிகள் அடங்கிய, அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையும் சொல்கிறது. 2019இல் தமிழ்நாட்டில் உதயசூரியனில் வென்ற இருபத்து நான்கு பேரில் நான்கு பேர் வேறு நான்கு கட்சிகளின் மனிதர்கள்: விழுப்புரத்தில் விடுதலைச் சிறுத்தைகள், ஈரோட்டில் ம.தி.மு.க., பெரம்பலூரில் இந்திய ஜனநாயகக் கட்சி, நாமக்கல்லில் உங்கள் ஆள். இவர்களில் பெரம்பலூர் கதை இன்னும் சுவையானது. அங்கே வென்ற பாரிவேந்தரின் கட்சி 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. அணியைவிட்டு விலகி வேறொரு கூட்டணியில் நின்றது. ஆனால் மக்களவைப் பட்டியலில் அவர் தி.மு.க. உறுப்பினராகவே பதவிக்காலத்தை முடித்து, 2024இல் அதே தொகுதியில் தாமரைச் சின்னத்தில் நின்றார். உங்கள் சுவரில் பெரம்பலூர் இல்லாதது உங்கள் அதிர்ஷ்டம்.

நேர்மையான சுயேச்சைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதல் மக்களவையில் 37 சுயேச்சைகள் இருந்தார்கள், இரண்டாவதில் 42 பேர். 2024இல் ஏழு பேர். அவர்களில் எத்தனை பேர் உங்கள் சம்பத்தைப் போல அங்கீகாரம் இல்லாத கட்சிக்காரர்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். டெல்லிக்குப் போய் என்ன சாதித்தார்கள் என்ற கேள்விக்கும் ஒரே பதில்தான்: 1960இல் இந்தி தொடர்பான கொந்தளிப்பின்போது பிரதமர் நேரு தம் உறுதிமொழியைக் கடிதமாக எழுதி அனுப்பியது உங்கள் தொகுதியின் அந்தச் 'சுயேச்சை'க்குத்தான். இதையெல்லாம் தேடிப் படிக்காமல் 'என்ன சாதித்தார்கள்' என்று கேட்பது சோம்பல், செ.; அதைக் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இனி, வாழ்நாள் தடை. இந்த இடத்தில்தான் உங்களோடு சண்டை போடப் போகிறேன், ஏனென்றால் பல மாதங்களாக இதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்கும் தடை அன்றே இருந்திருந்தால் முதலில் யார் தலையில் விழுந்திருக்கும் தெரியுமா? சம்பத்தின் தலையில்தான். 1961 ஏப்ரலில் அவர் தி.மு.க.விலிருந்து விலகித் தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கினார். திராவிட நாடு கோரிக்கையை இனியும் நம்ப முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டே சென்றார். பதவி ஏதும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டுத் தேர்தலில் வெற்றியும் கிடைக்கவில்லை. 1964இல் கட்சியைக் காங்கிரசில் இணைத்தார். அவர் சென்ற பாதை சரியா என்பது வேறு விவாதம். ஆனால் விலகிய நாளிலும் அவர் நாமக்கல்லின் உறுப்பினராக அவையில் உட்கார முடிந்தது, பேச முடிந்தது. அரசியலமைப்புச் சட்டத்தில் 'அரசியல் கட்சி' என்ற சொல்லே அன்று இல்லை. 1985இல், பத்தாவது அட்டவணையைச் சேர்த்த ஐம்பத்திரண்டாவது திருத்தத்தோடுதான் அது உள்ளே வந்தது. இன்றைய விதிப்படி, சுயேச்சையாக வென்றவர் பிறகு எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி போய்விடும். அதன்படி பார்த்தால், 1958இல் தன் சொந்தக் கட்சிக்கு அங்கீகாரம் கிடைத்த மறுநாளே 'நான் தி.மு.க.' என்று சொல்வதற்குக்கூடச் சம்பத் ஒரு வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க வேண்டியிருந்திருக்கும்.

அந்தத் திருத்தம் காரணமில்லாமல் வரவில்லை என்பதை மறுக்கமாட்டேன். 1967இல் ஹரியானாவில் கயா லால் என்ற சட்டமன்ற உறுப்பினர் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறி, 'ஆயா ராம், கயா ராம்' என்ற சொற்றொடரை நாட்டுக்குக் கொடுத்தார். ஒய்.பி. சவான் தலைமையிலான குழு ஆராய்ந்தபோது, ஏழு மாநிலங்களில் கட்சி மாறிய 210 பேரில் 116 பேர் அமைச்சர்களாகியிருந்தது தெரிந்தது. நோய் உண்மையானதுதான். ஆனால் அதற்குக் கொடுத்த மருந்தைப் பாருங்கள். 1985இல் எழுதிய விதி, தனியாக விலகுபவரின் பதவியைப் பறித்தது. மூன்றில் ஒரு பங்குப் பேர் சேர்ந்து விலகினால் அதற்குப் 'பிளவு' என்று பெயர் வைத்து விட்டுவிட்டது. 2003இல் பிளவுக்கு இருந்த விலக்கை நீக்கினார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேறு கட்சியோடு சேர்ந்தால் அது 'இணைப்பு', குற்றமில்லை என்ற பிரிவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2019 ஜூனில் மாநிலங்களவையில் தெலுங்கு தேசத்துக்கு ஆறு உறுப்பினர்கள். நான்கு பேர் ஒரே நாளில் பா.ஜ.க.வில் இணைந்தார்கள், கணக்கு மிகச்சரியாக மூன்றில் இரண்டு, யார் பதவியும் போகவில்லை. அதே நால்வரில் ஒருவர் மட்டும் போயிருந்தால் துரோகி என்று எழுதியிருப்பீர்கள். சில்லறையாக விற்றால் குற்றம், மொத்தமாக விற்றால் வியாபாரம் என்று எந்தச் சந்தையிலாவது உண்டா?

இதைவிட எனக்கு வலிப்பது, இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று உறுப்பினருக்குக் கட்சி ஆணையிடும் கொறடா. அந்தச் சொல்லின் பொருளே சாட்டை என்பதை நாம் மறந்துவிட்டோம். பேரவைக் கொறடா, கொறடா உத்தரவு என்று கௌரவமாக எழுதுகிறோம். கட்சி மாறுவதை மட்டும் பத்தாவது அட்டவணை தண்டிக்கவில்லை. கட்சியின் ஆணைக்கு மாறாக ஒரு வாக்கெடுப்பில் வாக்களித்தாலும், வராமல் இருந்தாலும், பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி பறிபோகலாம். அரசு கவிழுமா நிற்குமா என்ற வாக்கெடுப்புக்கு மட்டுமல்ல, எந்த மசோதாவுக்கும் இது பொருந்தும்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் டெல்லியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். தென்மாவட்டத்திலிருந்து வந்த ஓர் உறுப்பினர் சவுத் அவென்யூவில் குடியிருந்தார். பெயரும் கட்சியும் வேண்டாம்; அவர் இப்போது இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனால் சோறு போடுவார், அவருக்கு வரும் ஆங்கிலக் காகிதங்களை நான் படித்துத் தமிழில் சொல்லுவேன். ஒரு மசோதா தன் தொகுதி ஏழைகளைப் பாதிக்கும் என்று அவர் உறுதியாக நம்பினார். மூன்று இரவுகள் உட்கார்ந்து குறிப்புகள் எடுத்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நான்காவது நாள் காலையில் மேசைமேல் ஒரு சீட்டு கிடந்தது, அதில் ஒரு வாக்கியத்தின் கீழ் மூன்று கோடுகள். 'மூணு கோடு போட்டுட்டான், பாத்தியா தம்பி' என்றார். ஒரு கோடு வேண்டுகோள், இரண்டு கோடு வற்புறுத்தல், மூன்று கோடு என்றால் மறுபேச்சில்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவர் கொடுத்த அனுமதிச் சீட்டோடு அன்று பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவருக்குப் பேச நேரம் ஒதுக்கவில்லை. மணி அடித்தது, கதவுகளை மூடினார்கள், வாக்குப் பலகையில் அவருடைய எண்ணுக்கு நேரே பச்சை விளக்கு எரிந்தது. அன்று இரவு அவர் வழக்கம்போலச் சோறு போட்டார். மசோதாவைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. நான் எழுதிய குறிப்புகளை மட்டும் ஒழுங்காக மடித்து, 'இது உன்கிட்டயே இருக்கட்டும்' என்று திருப்பிக் கொடுத்தார்.

உங்கள் பட்டியலின்படி அவர் மாசற்றவர். கடைசிவரை ஒரே கட்சி, ஒரே சின்னம். வாழ்நாள் தடை கேட்கும் நீங்கள் அவருக்குச் சிலை வைப்பீர்கள். நானோ முப்பது ஆண்டுகளாக அந்தப் பச்சை விளக்கை மன்னிக்க முயன்றுகொண்டிருக்கிறேன்.

மறுபக்கம் இருவரைச் சொல்கிறேன். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரு வாக்கில் வீழ்ந்தது. தம் கட்சியான தேசிய மாநாடு அரசை ஆதரிக்கச் சொல்லியிருந்தும் எதிர்த்து வாக்களித்தவர் காஷ்மீரின் சைபுதீன் சோஸ். கட்சி அவரை நீக்கியது. அவர் செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. அரசின் உயிரைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்பில் கட்சி ஆணைக்கு உறுப்பினர் கட்டுப்பட வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். இன்னொருவர் சோம்நாத் சாட்டர்ஜி. தந்தை என்.சி. சாட்டர்ஜி முதல் மக்களவைக்கு இந்து மகாசபையிலிருந்து வந்தவர். மகன் 1971இல் மார்க்சிஸ்டுகளின் ஆதரவோடு, கவனியுங்கள், சுயேச்சையாக வந்தவர். பத்து முறை வென்றவர். 2008 ஜூலையில் நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முன்பு சபாநாயகர் பதவியிலிருந்து விலகும்படி கட்சி சொன்னபோது, சபாநாயகர் அவைக்குச் சொந்தமானவர் என்று மறுத்தார். வாக்கெடுப்புக்கு மறுநாள் கட்சி அவரை நீக்கியது. அவர் எங்கும் தாவவில்லை, எதையும் பெறவில்லை. கட்சிதான் அவரை விட்டு விலகியது. ஆனால், நீக்கப்பட்ட உறுப்பினர் சட்டத்தின் பார்வையில் பழைய கட்சிக்காரராகவே தொடர்கிறார் என்று 1996இல் ஜி. விசுவநாதன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நம் சட்டமன்றத்திலிருந்து சென்ற வழக்கு அது, அ.தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட பிறகு வேறு கட்சியில் சேர்ந்ததற்காக அவருடைய பதவி பறிக்கப்பட்டது. வீட்டைவிட்டுத் துரத்திய பிறகும் வீட்டு விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்றால், அது என்ன உறவு?

1990இலேயே தினேஷ் கோஸ்வாமி குழு, கொறடாவை மீறியதற்காகப் பதவியைப் பறிப்பதை நம்பிக்கை வாக்கெடுப்போடு நிறுத்திக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தது. மணீஷ் திவாரி 2010இலும் 2021இலும் இதே நோக்கத்தோடு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அவர் காங்கிரஸ்காரர் என்பதால் முகம் சுளிக்காதீர்கள். எல்லாக் கட்சித் தலைமைகளுக்கும் இந்தச் சாட்டை தேவைப்படுகிறது, ஆகவே எந்தத் தலைமையும் அதைக் கீழே வைக்காது. நீங்கள் வாழ்நாள் தடை கேட்கும்போது அந்தச் சாட்டைக்கு இன்னும் இரண்டு முழம் நீளம் கேட்கிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

சுவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1957க்கு 'சுயேச்சை' என்று எழுதி, அடியில் சிறிய எழுத்தில் 'தி.மு.க.; 1961 முதல் தமிழ்த் தேசியக் கட்சி' என்று சேர்த்துவிடுங்கள். 2019க்கும் 2024க்கும் 'கொ.ம.தே.க., உதயசூரியன் சின்னம். அவைப் பதிவில் தி.மு.க.' என்று எழுதுங்கள். இடையில் பல தேர்தல்களில் நாமக்கல் என்ற தொகுதியே இல்லை, 2009இல்தான் அந்தப் பெயர் திரும்பி வந்தது. ஆகவே அந்த இடைவெளியை யாரும் உங்கள் பிழை என்று நினைக்காதபடி ஒரு வரி எழுதிவையுங்கள். பெயர் எழுதுபவரிடம் கட்சிக் கட்டத்தைப் பெயர்க் கட்டத்தைவிட அகலமாகக் கோடு போடச் சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததும் ஒரு புகைப்படம் அனுப்புங்கள்.