ஹீட்டர் வாடகைதாரர் பொறுப்பு என்று எழுதிவிட்டால் போதுமா?

கேள்வி: குளிர் அதிகமுள்ள பகுதியில் எனக்கு ஒரு சிறிய வீடு இருக்கிறது. ஒரு கூடம், இரண்டு அறைகள். அதிலிருந்த பழைய கேஸ் ஹீட்டர் போன குளிர்காலத்தில் கெட்டுப்போனது. குடியிருந்தவர் தெரிவித்தும் என்னால் உடனே சரிசெய்ய முடியவில்லை. அவரே ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டர் வாங்கிச் சமாளித்தார். இப்போது காலி செய்துவிட்டார். சுவரெல்லாம் பூஞ்சை. அதற்காக முன்பணத்தில் பாதியைப் பிடித்து வைத்திருக்கிறேன்; அவர் முழுதும் கேட்கிறார். அடுத்து வருபவருக்கு இரண்டு பிளக் ஹீட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டு, ‘வீட்டைச் சூடாக்குவது வாடகைதாரர் பொறுப்பு’ என்று ஒப்பந்தத்தில் எழுதலாமா? என்னிடம் பெரிய தொகை இல்லை. செலவு குறைவாக எதைப் போடுவது?

பதில்: அந்த வரியை எழுத வேண்டாம். பிரச்சினை வந்தால் அது உங்களைக் காப்பாற்றாது.

குளிர்ப் பிரதேசங்களின் வாடகைச் சட்டங்கள் பலவும் ஹீட்டரைக் கூரை, தண்ணீர்க் குழாய் போல வீட்டின் ஒரு பகுதியாகவே கருதுகின்றன. இங்கிலாந்தின் 1985-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் 11-ஆவது பிரிவு, ஏழு ஆண்டுக்குக் குறைந்த குத்தகையில் வீட்டைச் சூடாக்கும் சாதனத்தைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் கடமையை உரிமையாளருக்குத் தருகிறது. அடுத்த பிரிவு இன்னும் கண்டிப்பானது: நீதிமன்ற அனுமதி இல்லாமல் இந்தக் கடமையை வாடகைதாரர் தலையில் கட்டும் ஷரத்து செல்லாது. இரண்டு பேரும் மனமொப்பிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது. நியூசிலாந்தில் கூடத்தை 18 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கக்கூடிய, சுவரிலோ தரையிலோ பொருத்தப்பட்ட ஹீட்டரை உரிமையாளர் வைத்தாக வேண்டும். பிளக்கில் செருகி நகர்த்தும் ஹீட்டரைக் காட்டி அங்கே தப்ப முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதலும் குளிர்காலத்துக்கு இதே 18 டிகிரியைத்தான் சொல்கிறது.

உங்கள் வீடு எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. எத்தனை டிகிரி, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்பதை நகராட்சி விதியில் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி நான் சொல்வது பெரும்பாலும் எங்கும் பொருந்தும்.

முன்பண விஷயத்தில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், உங்கள் பக்கம் பலவீனமாக இருக்கிறது. பணத்தைப் பிடிப்பவர்தான் சேதத்துக்கு எதிராளி காரணம் என்று நிரூபிக்க வேண்டும். இங்கே என்ன நடந்தது? ஹீட்டர் கெட்டது, அவர் தெரிவித்தார், நீங்கள் சரிசெய்யவில்லை. குளிரில் அவர் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. புகைப்போக்கி இல்லாத மண்ணெண்ணெய் ஹீட்டரில் ஒரு லிட்டர் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாகி அறைக்குள்ளேயே நிற்கும். அது போய்க் குளிர்ந்த சுவரில் படியும். அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். இந்தச் சங்கிலியை அவருடைய வழக்கறிஞர் நீதிபதி முன் வரிசையாக எடுத்து வைத்தால், அதன் முதல் கண்ணி உங்களிடம் வந்து நிற்கும். ஒரு குளிர்காலம் முழுக்க அவர் மூடிய அறையில் அந்தப் புகையோடு தூங்கியிருக்கிறார். அதில் கலந்திருக்கும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஓர் இரவில் உயிரே போயிருக்கலாம். அப்படி ஆகியிருந்தால் உங்கள் கேள்வி முன்பணத்தைப் பற்றியதாக இருந்திருக்காது. பணத்தைக் கொடுத்துவிடுங்கள். உடைந்த கதவு, தீய்ந்த தரை என்று தனியாக ஏதாவது இருந்தால் அதற்கு மட்டும் ரசீதுடன் கணக்குக் காட்டிப் பிடிக்கலாம்.

சரி, அடுத்தவருக்கு என்ன போடுவது? வழக்கறிஞரான என்னிடம் இதைக் கேட்பதும் பொருத்தம்தான். ஹீட்டரால் வரும் வழக்குகள் பல, கடையில் வாங்கும்போதே தொடங்கிவிடுகின்றன. வாங்கும் விலையைக் கொடுப்பவர் உரிமையாளர். ஓட்டும் செலவைக் கொடுப்பவர் குடியிருப்பவர். தனக்கு மலிவானதை இவர் வாங்கிவிடுகிறார், கரண்ட் பில் அவர் கழுத்தை நெரிக்கிறது. அவர் ஹீட்டரை அணைத்துவிட்டு வேறு வழி தேடுவார். மறுபடியும் மண்ணெண்ணெய், மறுபடியும் பூஞ்சை.

பிளக் ஹீட்டர் எந்த விலையில் வாங்கினாலும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். எண்ணெய் நிரப்பியது, சுருள்கம்பி வைத்தது, விசிறி வைத்தது எல்லாம் இதில் ஒன்றே. 2000 வாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் விடாமல் ஓடினால் 16 யூனிட். அதே வெப்பத்தை ஹீட் பம்ப் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் தந்துவிடும், ஏனென்றால் அது வெளிக்காற்றிலிருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்து வருகிறது. ஏசி போலவே இருக்கும் பெட்டிதான். கடுங்குளிரில் அதன் திறன் இறங்கும், ஆகவே உங்கள் பகுதியின் மிகக் குளிர்ந்த இரவில் எவ்வளவு வெப்பம் தரும் என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். அடுக்குமாடி என்றால் வெளிச்சுவரில் பெட்டி மாட்டக் குடியிருப்புச் சங்கத்தின் அனுமதி வேண்டியிருக்கும். அதை வாங்குவதற்கு முன்பே கேட்டு வைக்கவும்.

கையில் பணம் குறைவு என்கிறீர்கள். அப்படியானால் முதல் செலவு ஹீட்டருக்கு இல்லை: கதவு, சன்னல் இடுக்குகளை அடைத்துவிடுங்கள், கூரைக்கு வெப்பக்காப்பு போடுங்கள். வெப்பம் தங்காத வீட்டில் எந்த ஹீட்டரும் தோற்கும். அப்புறம் கூடத்துக்கு ஒரு ஹீட் பம்ப், அறைகளுக்குச் சுவரில் பொருத்தும் சிறிய மின் ஹீட்டர், தெர்மோஸ்டாட்டுடன். வயரிங் அந்தச் சுமையைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் சான்று வாங்கி வையுங்கள். தீ விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் காகிதங்களில் அதுவும் ஒன்று.

பழைய கேஸ் ஹீட்டரைப் பதிவுபெற்ற பொறியாளர் பார்த்து, புகைபோகும் குழாயும் சரி என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் பழுதுபாருங்கள். இல்லையென்றால் இணைப்பை முறையாகத் துண்டித்துவிடுங்கள். வைத்துக்கொண்டால் ஆண்டுதோறும் சோதனை கட்டாயம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் வாடகை வீட்டுக்கு 1998-ஆம் ஆண்டின் கேஸ் பாதுகாப்பு விதிகளின்படி அது சட்டமே. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் மாட்டுங்கள்.

ஒப்பந்தத்தில் நீங்கள் நினைத்த வரிக்குப் பதிலாக இப்படி எழுதலாம்: ‘அட்டவணையில் கண்ட ஹீட்டர்களை உரிமையாளர் தம் செலவில் பழுதுநீக்கித் தருவார். மின் கட்டணத்தைத் தனி மீட்டரின்படி வாடகைதாரர் செலுத்துவார். பழுது ஏற்பட்டால் வாடகைதாரர் உடனே எழுத்தில் தெரிவிப்பார். பழுது நீங்கும் வரை உரிமையாளர் மாற்று ஹீட்டர் தருவார். புகைப்போக்கியில்லாத மண்ணெண்ணெய், கேஸ் ஹீட்டர்களை வாடகைதாரர் பயன்படுத்தக் கூடாது.’ கடைசி வரிக்கு மேலே உள்ளவற்றால்தான் பலம். நீங்கள் ஹீட்டர் தராத வீட்டில் அந்தத் தடையை நீதிமன்றத்தில் வற்புறுத்துவது கடினம்.

நீங்கள் வாங்கி வைக்க நினைத்த அந்த இரண்டு பிளக் ஹீட்டர்களில் ஒன்றை மட்டும் வாங்குங்கள், அந்த மாற்று ஹீட்டராக. புதியவரிடம் சாவி கொடுக்கும் நாளில் எல்லா ஹீட்டரையும் அவர் முன்னால் ஓடவிட்டு, சுவர்களைத் தேதியோடு படமெடுத்து, பட்டியலில் இருவரும் கையெழுத்திடுங்கள். பழையவருக்குப் பணம் கொடுக்கும்போது ‘இனி பாக்கி இல்லை’ என்று ஒரு ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.